மேலே போகும் பந்தின் மீது என்ன விசை?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். பணியில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. எழுத வருவதற்கு முன் நீங்களும் பள்ளியில் இயற்பியல் நடத்தியவர் என்பதால் இதைக் கேட்கிறேன்.

பிளஸ் ஒன்னில் ‘இயக்க விதிகள்’ பாடத்தை முடித்து மாதத் தேர்வும் வைத்தேன். கணக்குகளை நன்றாகவே போட்டிருந்தார்கள். விடைத்தாள் கொடுக்கும்போது சும்மா ஒரு கேள்வி கேட்டேன். மேல்நோக்கி எறிந்த பந்து கையை விட்டு மேலே போய்க்கொண்டிருக்கிறது. காற்றை விட்டுவிடுங்கள், அதன் மீது என்னென்ன விசைகள்? முதல் மதிப்பெண் வாங்கிய பெண் எழுந்து, “மேலே தள்ளுற விசை ஒன்னு, கீழே இழுக்கிற புவியீர்ப்பு ஒன்னு மிஸ். உச்சியில ரெண்டும் சமமாயிடும், அப்புறம் புவியீர்ப்பு ஜெயிச்சிடும்” என்றாள். வகுப்பே தலையாட்டியது. மறுபடி விளக்கினேன், புரிந்தது என்றார்கள். அடுத்த வாரம் கேட்டால் அதே பதில்.

“அடிப்படை இல்லாமலே ஏத்தி விட்டுடறாங்க, நீங்க போர்ஷனை முடிங்க” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். ஆய்வகத்தில் கருவிகள் குறைவு. நேரமும் இல்லை. பாதிப் பிள்ளைகள் ப்யூர் சயின்ஸ், கணிதப் பாடமே கிடையாது. நான் எங்கிருந்து தொடங்குவது?

என் பெயர் வேண்டாம் ஐயா.

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் சக ஆசிரியர்கள் சொல்லும் ‘அடிப்படை இல்லை’ என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெண்ணிடம் அடிப்படை இருக்கிறது, அதுவும் பலமாக. சைக்கிளை மிதிப்பதை நிறுத்தினால் அது நின்றுவிடுகிறது. பீரோவைத் தள்ளுவதை விட்டால் அந்த இடத்திலேயே நிற்கிறது. ஒரு பொருள் நகர வேண்டுமானால் ஏதாவது ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நடக்கப் பழகிய நாளிலிருந்து அவள் கண்டு வந்திருக்கிறாள். உராய்வு நிறைந்த உலகில் வளரும் எந்தக் குழந்தைக்கும் இதுதான் தோன்றும். பந்து மேலே போகிறது, ஆகவே மேல்நோக்கி ஒரு விசை இருந்தாக வேண்டும். நீங்கள் மூன்று பீரியடில் சொன்னதற்கு எதிரே பதினாறு வருட அனுபவம் நிற்கிறது.

அதே பதிலை அவளுக்கு முன்னால் யார் யார் சொன்னார்கள் என்று பாருங்கள். ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பிலோபோனஸ் என்ற தத்துவ அறிஞர், எறிபவனின் கை பொருளுக்குள் ஓர் ஆற்றலைப் பதித்து அனுப்புகிறது என்றார். பதினான்காம் நூற்றாண்டில் பாரிசில் புரிடான் என்ற தத்துவ ஆசிரியர் அதை இன்னும் நுட்பமாக வளர்த்தார். 1590 வாக்கில், பீசாவில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த இருபத்தைந்து இருபத்தாறு வயதுக் கலிலியோ, இயக்கம் பற்றி லத்தீனில் எழுதி அச்சேற்றாமல் வைத்துவிட்ட கையெழுத்துப்படி ஒன்று இருக்கிறது. மேலே எறிந்த பொருளுக்குள் கை பதித்த விசை கொஞ்சம் கொஞ்சமாக வடிகிறது, உச்சியில் அது எடைக்குச் சமமாகிறது, அதன்பின் எடை மேலோங்கிப் பொருள் இறங்குகிறது என்று அதில் வாதிடுகிறார். உங்கள் மாணவி சொன்னது அதுதான். அங்கிருந்து நகர்ந்து, அவருடைய முதிர்ந்த இயக்கவியல் நூல் 1638-இல் லைடனில் அச்சாவதற்குள் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. உங்கள் பிள்ளைகள் அதை ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் கடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்கள் திணறுவதில் என்ன வியப்பு?

இது நம் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவைச் சேர்ந்த டேவிட் ஹெஸ்டெனஸ், மால்கம் வெல்ஸ் முதலானோர் 1992-இல் விசை பற்றிய ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். அதில் கணக்கே கிடையாது. உங்கள் பந்துக் கேள்வி மாதிரியான கேள்விகள்தான். வெல்ஸ் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இயற்பியலை எப்படிக் கற்பிப்பது என்று ஆராயும் இந்தத் துறையில் பள்ளி ஆசிரியர்களின் பங்கு பெரிது. இதற்கு முன்னோடியான ஒரு தேர்வை ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் தன் மாணவர்களுக்குக் கொடுத்தபோது ஒரு மாணவி, ‘நீங்கள் நடத்தியபடி பதில் எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா?’ என்ற பொருளில் கேட்டாள். இந்த ஒரு கேள்வியைப் போல என்னைப் பாதித்தது வேறில்லை. மதிப்பெண்ணுக்கு ஓர் இயற்பியல், வாழ்வதற்கு வேறோர் இயற்பியல் என்று இரண்டையும் அவள் ஒன்றோடொன்று மோதவிடாமல் வைத்திருக்கிறாள். உங்கள் வகுப்பிலும் நடப்பது அதுதான்.

ஆகவே தொடங்க வேண்டிய இடம் அவர்கள் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பது. அதை வெளியே வரவழைக்காமல் நீங்கள் எதைச் சொன்னாலும் அது மேலாகத்தான் நிற்கும்.

இந்தப் பந்துக் கேள்வியை நான் நடத்திய விதத்தைச் சொல்கிறேன். பாடம் தொடங்கும் முன்பே, ஆளுக்கு அரைத்தாள். மேலே போகும் பந்து, உச்சியில் இருக்கும் பந்து, கீழே வரும் பந்து என்று மூன்று வட்டம். ஒவ்வொன்றிலும் விசைகளை அம்புக்குறியால் காட்ட வேண்டும். பெயர் எழுத வேண்டாம், மதிப்பெண் கிடையாது. தாள்களை வாங்கி, எந்தப் படத்தை எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று கரும்பலகையில் எழுதுவேன். எது சரி என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் இருப்பவரோடு ஐந்து நிமிடம் சண்டை போடச் சொல்வேன். தன் பதில் கரும்பலகையில் ஏறிவிட்டால் எந்தப் பிள்ளையும் அதைச் சும்மா விட்டுக்கொடுக்காது. வகுப்பு இரையும். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பிறகு ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன். ஒவ்வொரு அம்புக்குறிக்குப் பக்கத்திலும் அந்த விசையைக் கொடுப்பது யார் என்று எழுத வேண்டும். கீழ்நோக்கிய அம்புக்குப் பூமி என்று உடனே எழுதிவிடுவார்கள். மேல்நோக்கிய அம்புக்கு?

“கை சார்.”

“கை இப்ப பந்தைத் தொட்டுக்கிட்டா இருக்கு?”

“இல்ல சார். ஆனா கை கொடுத்தது பந்துக்குள்ள இருக்கு.”

வகுப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. தப்பு, உட்கார் என்று சொன்னால் பிள்ளை உட்கார்ந்துவிடும், அதோடு முடிந்தது. நான் கரும்பலகையில் ஒரு பட்டியல் போடுவேன். பந்தை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம். புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விநாடி கழித்தும் திசைவேகம் என்ன? 20, 10, 0, பிறகு கீழ்நோக்கி 10, 20. இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியும். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எவ்வளவு மாறுகிறது? எல்லா இடத்திலும் பத்துதான், கீழ்நோக்கித்தான். போகும்போதும் பத்து, உச்சியைத் தாண்டும்போதும் பத்து, வரும்போதும் பத்து. மாற்றம் ஒரே அளவாக இருக்கிறதே, அப்படியானால் விசை? உச்சியில் இரண்டு விசையும் சமமாகி ஒன்றையொன்று கழித்துவிட்டால் பந்து என்ன செய்திருக்க வேண்டும்? கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு எங்கோ பின்பெஞ்சிலிருந்து வரும்: “அங்கேயே நின்னிருக்கணும் சார்!”

ஆக, போகும்போதும் உச்சியிலும் வரும்போதும் பந்தின் மீது இருப்பது பூமியின் இழுப்பு ஒன்றுதான். அத்தோடு விடக் கூடாது. கை கொடுத்தது பந்துக்குள் இருக்கிறது என்று சொன்ன பிள்ளைக்கு ஒரு நியாயம் செய்தாக வேண்டும். அவள் மனதில் வைத்திருக்கும் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கை கொடுத்ததுதான், பந்தோடு போகிறதுதான், மேலே போகப் போகக் குறைகிறதுதான், உச்சியில் தீர்ந்துவிடுகிறதுதான். நிறையைத் திசைவேகத்தால் பெருக்கினால் வருகிற உந்தம் அது. அதை அவள் விசை என்ற கணக்கில் எழுதிவிட்டாள், அவ்வளவுதான் பிழை. விசை, அந்த உந்தத்தை ஒவ்வொரு விநாடியும் மாற்றுவது. நியூட்டனின் இரண்டாம் விதி பேசுவதும் இதைத்தான். இப்படிச் சொல்லும்போது அவள் நினைத்ததைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை, சரியான இடத்தில் நகர்த்தி வைத்தால் போதும். அவமானப்படாமல் மாறுகிற பிள்ளை திரும்பப் பழைய இடத்துக்குப் போவது குறைவு.

கருவிகள் இல்லை என்கிறீர்கள். பிளஸ் ஒன் தொடக்கத்துக்கு வேண்டியவை மிகக் குறைவு. அலுமினிய ஜன்னல் செய்கிற கடையில் இரண்டு மீட்டர் சேனல் ஒன்று வாங்குங்கள், ஒரு கோலிக்குண்டு, உங்கள் செல்போனில் விநாடிக்கு ஒருமுறை டிக் என்று அடிக்கும் ஒரு செயலி. சேனலின் ஒரு முனையை நாலு விரல்கடை உயர்த்தி, ஒரு டிக்கில் கோலியை விடுங்கள். அடுத்தடுத்த டிக்கில் அது எங்கே இருக்கிறது என்று குறிக்க ஆளுக்கு ஓர் இடத்தில் சாக்பீஸோடு நிறுத்துங்கள். நான்காவது டிக்கில் கோலி கடைசி முனையைத் தொடுகிற மாதிரி உயரத்தைக் கூட்டிக் குறைத்தால் கோடுகள் ஏறக்குறைய 12.5, 50, 112.5, 200 சென்டிமீட்டரில் விழும். இடைவெளிகளை அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மூன்று, ஐந்து, ஏழு! கலிலியோ கண்ட அதே ஒற்றைப்படை வரிசை. அவர் மரச்சட்டத்தில் பள்ளம் வெட்டி, வெண்கல உருண்டையை உருட்டி, ஒழுகும் தண்ணீரை எடைபோட்டு நேரத்தை அளந்தார். (அவருடைய அப்பா லூட் என்ற நரம்புக் கருவியில் பேர்பெற்ற வாத்தியக்காரர். தாளம் பழகிய காது அவருக்கு இதில் உதவியிருக்கும் என்று நம்ப எனக்குப் பிடிக்கும்.) பிள்ளைகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று சில சென்டிமீட்டர் பிசகும். அளவீட்டுப் பிழை என்றால் என்ன என்று முதல் பாடத்தில் வறட்சியாக நடத்துவதை அந்த இடத்தில் நடத்துங்கள்.

ஆனால் கோலியை விடுமுன் இடைவெளிகள் எப்படி இருக்கும் என்று எழுதி வாங்கிவிட வேண்டும். பலர் எல்லாம் சமம் என்பார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றும் சிலர் எழுதுவார்கள். எழுதாமல் வேடிக்கை பார்த்தால் வேடிக்கையாகவே போய்விடும். மசூரின் குழுவே 2004-இல் இதை ஆராய்ந்து எழுதியது: செய்முறையைச் சும்மா பார்த்தவர்களின் புரிதல், பார்க்காதவர்களைவிட அதிகம் என்று சொல்லும்படி இல்லை; முன்கூட்டியே ஊகித்தவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். அறிவியல் கண்காட்சி என்று நம் பள்ளிகளில் தெர்மாகோலில் செலவாகும் உழைப்பை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

செய்முறைப் பட்டியலில் இருக்கும் தனி ஊசலையும் இப்படியே திருப்பலாம். பிப்ரவரியில் ரெக்கார்டு நோட்டுக்காகச் செய்வதை முன்னால் கொண்டுவாருங்கள். குண்டின் எடையை இரட்டிப்பாக்கினால் அலைவு வேகமாகுமா, மெதுவாகுமா? இதைக் கேட்டால் போதும், ஆய்வகம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும்.

மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. விலை குறைந்த கருவிப்பெட்டி, குழுவாகச் செய்து பார்த்தல், புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும் தேர்வு. கிராமத்துப் பள்ளிகள்தான். 2002-இல் மாநில அரசே அதை நிறுத்திவிட்டது, பெரிய இழப்பு. ஆனாலும் முப்பது வருடம் நடந்தது. கருவியில்லாத பள்ளியில் முடியாது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இனி நேரம். உங்கள் கஷ்டம் உண்மையானது. மாதத் தேர்வுக்கு இத்தனை பாடம் என்று மேலிருந்து வருகிறது, நீட் எழுதும் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். இயக்கவியலுக்கும் இயக்க விதிகளுக்கும் சேர்த்து ஐந்தாறு பீரியடுகளைக் கூடுதலாகச் செலவழியுங்கள் என்றே சொல்வேன். அது வேலை, ஆற்றல், ஈர்ப்பியல், அலைவுகளில் திரும்பக் கிடைக்கும், ஏனென்றால் அங்கெல்லாம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இதே கல்லில்தான். ரிச்சர்ட் ஹேக் என்ற பேராசிரியர் 1998-இல் 62 வகுப்புகளின் முடிவுகளைத் தொகுத்தார். அவற்றில் உயர்நிலைப் பள்ளிகளும் உண்டு, மொத்தம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆசிரியர் பேச, மாணவர் கேட்ட வகுப்புகளில், தொடக்கத்தில் தெரியாமலிருந்ததில் சராசரியாக நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தேறியது. மாணவர்கள் பேசி, ஊகித்து, விவாதித்த வகுப்புகளில் அது ஏறக்குறைய பாதி. போர்ஷனை முடித்தோம் என்று நாம் சொல்லும்போது எது முடிந்தது என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

ப்யூர் சயின்ஸ் பிள்ளைகளுக்கு வகைநுண்கணிதத்தை முதன்முதலாகக் காட்டுவது இயற்பியல் புத்தகம்தான். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். சூத்திரத்துக்கு முன்னால் வரைபடத்தைக் கொடுங்கள். கோலி உருண்ட அளவுகளையே தொலைவு–நேர வரைபடமாகப் போடட்டும், அதன் சாய்வு கூடிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கட்டும். ஸ்கேலை வைத்து இரண்டு மூன்று இடத்தில் சாய்வு கண்டுபிடித்த பிள்ளைக்கு வகைக்கெழு அந்நியமாகத் தெரியாது.

புக் பேக் கேள்விகளையும் ஒன் வேர்டையும் விடச் சொல்லவில்லை. அந்த மதிப்பெண்ணை நம்பித்தான் பல வீடுகளில் முதல் பட்டதாரி உருவாகிறார். வருவித்தல்களை அவர்கள் எழுதிப் பழகத்தான் வேண்டும். வரிசை மட்டும் மாறட்டும், முதலில் சண்டை, பிறகு சூத்திரம்.

வரும் ஜூனில் முதல் வாரத்திலேயே அந்த அரைத்தாளை வாங்கிப் பீரோவில் வைத்துவிடுங்கள். அரையாண்டுக்குப் பிறகு அதே மூன்று வட்டங்களைச் சொல்லாமல் கொள்ளாமல் மறுபடி கொடுங்கள். எத்தனை அம்புகள் இடம் மாறின என்று எனக்கு எழுதுங்கள். மாறாதவற்றைப் பற்றி இன்னும் விரிவாக எழுதுங்கள், அவற்றை வைத்து நாம் அடுத்து யோசிப்போம்.

அன்புடன்.