முடி கொட்டுகிறது, பேக்கேஜ் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31, மதுரையில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் டெங்கு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதே சமயம் வீட்டில் சொத்துத் தகராறு, ராத்திரியில் தூக்கமே கிடையாது. அக்டோபரிலிருந்து தலை சீவினாலும் குளித்தாலும் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. பயந்துபோய் ஒரு முடி சிகிச்சை மையத்துக்குப் போனேன். தலையில் கேமரா வைத்துப் பார்த்து, "வேர் பலவீனமாகிவிட்டது, இப்படியே விட்டால் வழுக்கைதான்" என்றார்கள். ஆறு முறை பி.ஆர்.பி. ஊசி, சீரம், மாத்திரை எல்லாம் சேர்த்து 72,000 ரூபாயாம். இன்றே சேர்ந்தால் 54,000, தவணையும் உண்டு என்றார்கள். 5,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? கட்டியது திரும்பக் கிடைக்குமா?

பதில்: மீதியை இப்போதைக்குக் கட்டாதீர்கள். அட்வான்ஸ் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

ஜூலையில் காய்ச்சல், அக்டோபரில் முடி உதிர்வு. இந்த இடைவெளிதான் முக்கியமான தடயம். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருக்கும். அதில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து எப்போதும் ஓய்வில் இருந்து, ஒவ்வொன்றாக உதிர்ந்து, அந்த இடத்தில் புது முடி வரும். தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், பட்டினி டயட், பெரிய மன உளைச்சல் இதில் எது வந்தாலும், வளர்ந்துகொண்டிருக்கும் முடியில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. ஓய்வில் இரண்டு மூன்று மாதம் இருந்துவிட்டுத்தான் அது விழும். அதனால்தான் கஷ்டம் தீர்ந்து நிம்மதியான பிறகு கொட்டுகிறது. மருத்துவத்தில் இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். வேர் சாகவில்லை. காரணம் விலகியிருந்தால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது தானாகவே அடங்கும். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் அடர்த்தி பழையபடி தெரிய இன்னும் சில மாதங்கள் ஆகும்.

இப்போது உங்கள் பேக்கேஜைப் பாருங்கள். ஆறு முறை, மாதம் ஒன்று என்றால் ஆறு மாதம். சும்மா இருந்தாலே கொட்டுவது அடங்கிவிடும் காலமும் அதேதான்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, கடைசி ஊசி போடும் நாளில் உங்கள் தலை தேறத் தொடங்கியிருக்கும், மையத்தின் சுவரில் 'முன்–பின்' படம் ஒன்று கூடும். சிகிச்சை முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. பி.ஆர்.பி. என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் மிகுந்த பகுதியைத் தலைத்தோலில் செலுத்துவது. பரம்பரையாக வரும் முடி மெலிவுக்கு அது சிலருக்குப் பலன் தருகிறது. தானாகத் திரும்பிவரும் முடிக்கு 54,000 ரூபாய் எதற்கு என்பதுதான் கேள்வி. மருத்துவம் எதிலும் 'இன்றைக்கே சேர்ந்தால் தள்ளுபடி' என்று சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

அந்தக் கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தனை மடங்கு பெரிதாக்கினால் யாருடைய தலையும் பொட்டல் காடாகத்தான் தெரியும். படத்தின் பிரதியையும், என்ன நோய் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட குறிப்பையும் கேளுங்கள். தரத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

செலவு செய்ய வேண்டிய இடம் வேறு. எம்.டி. (டி.வி.எல்.) அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். பணம் இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார்கள். நம் ஊரில் பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு சர்வ சாதாரணம், அது இருந்தால் உதிர்வு நீண்டுகொண்டே போகும். வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ (புழுவெட்டு என்பார்களே, அது), அரிப்பும் தழும்பும் இருந்தாலோ, ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டாலோ கதை வேறு. அப்போது காத்திருக்கக் கூடாது. முடி வளரத் தலையில் தடவும் மினாக்ஸிடில் போன்ற மருந்து தேவையா என்பதையும் அந்த மருத்துவர் சொல்லட்டும். அது போட்ட முதல் சில வாரங்களில் உதிர்வு இன்னும் கூடலாம் என்பதால், கடையில் தானாக வாங்கிப் போட்டவர்கள் பாதியில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, அட்வான்ஸ். சிகிச்சை தொடங்கவில்லை என்பது உங்களுக்குச் சாதகம். 'பேக்கேஜ் வேண்டாம், ஆலோசனைக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தாருங்கள்' என்று இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் பேசினால் எதுவும் மிஞ்சாது. 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும், அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது. ரூ.5,000 முழுதும் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன், நீங்கள் எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

தவணைக்கு ஏதாவது ஓ.டி.பி. சொன்னீர்களா? அதைத்தான் முதலில் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கடனைத் தருவது மையம் அல்ல, ஒரு நிதி நிறுவனம். நீங்கள் சிகிச்சைக்குப் போகாவிட்டாலும் தவணை ஓடும், கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் அடிவாங்கும். டிஜிட்டல் கடனில் அபராதமின்றி வெளியேறக் குறிப்பிட்ட அவகாசம் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எத்தனை நாள் என்பது கடன் ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்குள் ரத்து செய்துவிடுங்கள்.

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு மாதம். முடி பயங்கரமாகக் கொட்டுகிறது. ஆன்லைனில் பயோட்டின் கம்மி (மிட்டாய் போல மென்று சாப்பிடும் வைட்டமின்) 900 ரூபாய்க்கு வருகிறது, வாங்கலாமா? தாய்ப்பால் கொடுக்கிறேன்.

பதில்: வேண்டாம். பிரசவத்துக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இறங்குவதால் வரும் உதிர்வு இது. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் பயோட்டின் போதும், பாலூட்டும்போது 35. அது சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும். கம்மிகளில் 5,000, 10,000 என்று போடுகிறார்கள். இதில் பண நஷ்டத்தைவிட இன்னொரு சிக்கல் உண்டு. அதிக பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் எச்சரித்தது. தைராய்டு பரிசோதனையும் அதில் சேரும். பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு கோளாறே வருவதால், அந்த ரிப்போர்ட் உங்களுக்குச் சரியாக வர வேண்டும். பாலூட்டும் தாய்மாருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசம். அதை விடாமல் சாப்பிடுங்கள், அப்புறம் முட்டை, கீரை, பயறு.

கேள்வி: '21 நாளில் புது முடி' என்று ஒரு மூலிகை எண்ணெய், பாட்டில் 1,800 ரூபாய். நம்பலாமா?

பதில்: 21 நாளில் வளரக்கூடிய முடி ஒரு சென்டிமீட்டர்கூட வராது, கணக்கு அங்கேயே இடிக்கிறது. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜே' அட்டவணையில் வழுக்கையும் இருக்கிறது. அதில் உள்ளவற்றைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. எண்ணெய் தேய்த்தால் முடி வழவழப்பாகும், சிக்கு குறையும், அறுந்து போவது குறையும். அதற்குச் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயே போதும். ஆசைக்கு வாங்கித்தான் தீருவேன் என்றால், பாட்டிலில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தயாரித்த தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.