வட்டிக்காரர் பேச்சு நினைவிருக்கிறது, வெள்ளியின் எடை மறக்கிறதே?

கேள்வி: வயது 43. சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு மாதமாகக் கடன் நெருக்கடி. யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தேன் என்பது மாலைக்குள் மறந்துவிடுகிறது. வட்டிக்காரர் திட்டியது மட்டும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. மறதி நோயா? லேப் ஆள் ஒருவர் ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்.

பதில்: மறதி நோய் வந்தவரைப் பெரும்பாலும் வீட்டார்தான் கூட்டி வருவார்கள். நீங்களே இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள், பயம் வேண்டாம்.

சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, மனம் பதறும்போது முதலில் அட்ரினலினையும் சற்றுக் கழித்துக் கார்ட்டிசாலையும் விடும். மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா இதில் உசுப்பேறி, வாங்கிய திட்டை அழுத்திப் பதிக்கிறது. அன்றாடக் கணக்கைப் பதிந்து எடுத்துத் தரும் ஹிப்போகாம்பஸோ கார்ட்டிசால் கூடினால் தடுமாறும். போதாததற்குத் தூக்கமும் கெட்டிருக்கும். நெருக்கடி தணிந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்த டெஸ்ட் வேண்டாம். கார்ட்டிசால் விடியலில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். ஊசியைக் கண்டாலே சிலருக்கு ஏறும். ரத்தம் எடுத்த நேரம்கூட இல்லாத ரிப்போர்ட்டுகளை என்னிடம் நீட்டுகிறார்கள். அதை வைத்து நான் என்ன சொல்ல? கமிஷன் போனவனுக்குப் போயாயிற்று. ஞாபகசக்தி லேகியம், கேப்சூல் விற்பவர்களும் இதே கூட்டம்தான்.

ஆனால் ஒன்று கேட்டே ஆக வேண்டும். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை. முதுகு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரையோ, பெயரில்லாத பொடியோ சாப்பிடுகிறீர்களா? அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். பிரெட்னிசோலோன், டெக்சாமெதசோன் எல்லாம் கார்ட்டிசாலின் வேலையைச் செய்பவைதான். வலி பறந்துவிடும், தூக்கமும் நினைவும் கெடும். மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் மட்டும்தான் இருக்கிறது.

இதைப் படித்த கையோடு அவற்றை நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் உங்கள் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுப்பவர்களும் கேளுங்கள்: அதில் இருக்கும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு, உடம்பு முழுக்கப் பரவுவது மாத்திரையைவிட மிகக் குறைவு. என் பேச்சைக் கேட்டு அதை நிறுத்தி, மூச்சுத் திணறலோடு வந்து நிற்காதீர்கள்.

இனித் தராசு முள் நிற்கும்போதே எடையைச் சீட்டில் எழுதிவிடுங்கள். தெரிந்த தெருவில் வழி தடுமாறினாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதாக வீட்டில் சொன்னாலோ தாமதிக்க வேண்டாம். எப்படியும் ஒருமுறை பொது மருத்துவரிடம் சர்க்கரை, தைராய்டு, பி12 பார்த்துவிடுங்கள். போகும்போது அந்தப் பொடிப் பொட்டலத்தை மறக்காமல் எடுத்துப் போங்கள்.