சாகசமும் பாசாங்கும்

கேள்வி: பள்ளிக்கூட நாளிலிருந்து நாங்கள் நான்கு பேர் நண்பர்கள். ஆண்டுக்கொரு முறை ஒரு வாரம் மலைப்பக்கம் சாகசப் பயணம் போவோம். எல்லோருக்கும் 55 வயது தாண்டிவிட்டது. கடைசிவரை இந்த நட்பு நீடிக்க வழி என்ன?

பதில்: 'சாகசம்' என்ற சொல்லோடு இந்தப் பக்கத்துக்குத் தீராப் பகை உண்டு. அந்தச் சொல்லுக்குத் துணிவு என்றும் பொருள், பாசாங்கு என்றும் பொருள். கதைகளில் வரும் சாகசக்காரி எந்த மலையிலும் ஏறியவள் அல்ல. சுற்றுலா விளம்பரம் எழுதுகிறவர்கள் முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். நான்கு ஆண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனால் நடப்பதோ பெரும்பாலும் இரண்டாவது. முழங்கால் வலிக்கிறவர் ஷூ லேஸ் அவிழ்ந்துவிட்டதென்று குனிவார். மூச்சு வாங்குகிறவர் "என்ன காட்சி, ஒரு போட்டோ!" என்று நிற்பார். உடனே மற்ற இருவரும் அதே பாறையை ஆளுக்கொரு கோணத்தில் எடுப்பார்கள். பயணம் முடிந்து பார்த்தால் நானூறு படம், அதில் முந்நூறு அந்தப் பாறை.

அடிவாரத்தில் இது வேடிக்கை. 3,000 மீட்டருக்கு மேல், காற்று மெலிந்து மலைநோய் வரும் உயரத்தில், இதே பாசாங்கு ஆளைக் கொல்லும். அங்கே இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் ஏறுவதை நிறுத்த வேண்டும். கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு காலின் குதி மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று கொள்ள வேண்டும். அப்போதே கீழே கூட்டிப்போக வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது, விடியட்டும் என்று படுக்கவும் கூடாது.

இதெல்லாம் தெரிந்த குழுவிலும் ஆள் சாகிறார். காரணம், "நல்லாயிருக்கியா?" என்று கேட்பதுதான். நாற்பது வருட நண்பன் கேட்டால் எந்த ஆண் இல்லை என்பான்? காலையிலும் மாலையிலும் எண் கேளுங்கள்: தலைவலி பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் எவ்வளவு? தட்டில் எவ்வளவு மிச்சம்? எத்தனை முறை சிறுநீர் போனது? எண்ணில் பொய் சொல்லக் கொஞ்சம் கூச்சம் வரும்.

நட்பு முறிவது பள்ளத்தாக்கில் விழுந்தல்ல, ஓய்வு எடுக்கும் இடத்தில். வேகமான மூவர் முன்னே போய்ப் பத்து நிமிடம் உட்காருகிறார்கள். நான்காமவர் வந்து சேர்ந்ததும் "போகலாமா?" என்று எழுகிறார்கள். நாள் முழுதும் அதிகம் களைத்தவருக்குத்தான் ஓய்வே இல்லை! மூன்றாம் நாள் அவர் பேசமாட்டார். அடுத்த ஆண்டு அவருக்கு வேறு வேலை வந்துவிடும். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். ஓய்வு நேரம் அவர் உட்கார்ந்த பிறகே தொடங்க வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதையும் காலையில் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிறபோது வாக்கெடுப்பு நடத்தினால், வேண்டாம் என்று நினைப்பவர்தான் 'ஏறலாம்' என்று முதலில் கை தூக்குவார்.

எரிக் ஷிப்டன், ஹெச். டபிள்யூ. டில்மன் என்று இரண்டு ஆங்கிலேய மலையேறிகள். மூட்டையைக் குறைப்பதில் வெறியர்கள். 1934இல் மூன்று ஷெர்ப்பாக்களோடு ரிஷி கங்கைப் பள்ளத்தாக்கின் வழியே இமயத்தின் நந்தாதேவி சிகரத்தைச் சுற்றி நிற்கும் மலைவளையத்துக்குள் முதன்முதலில் நுழைந்தவர்கள். மாதக்கணக்கில் கூடவே இருந்த பிறகு, இனி என்னை எரிக் என்று கூப்பிடேன் என்றாராம் ஷிப்டன். டில்மனுக்கு வெட்கம். அது அசட்டுத்தனமாக ஒலிக்கிறது என்று முணுமுணுத்துத் தலையைக் குனிந்துகொண்டாராம். நட்பு கெடவில்லை. 'மச்சி' போட்டு இரண்டு வரிக்கு ஒருமுறை உயிர் கொடுக்கிறவர்கள் கவனிக்க.

அதைவிட வசதியான நட்பு நம்மிடம் உண்டு. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் நேரில் பார்க்காமலே நண்பர்கள். ஒரே கூடாரத்தில் ஏழு இரவு படுத்திருந்தால் சோழன் வேறு காரணத்துக்காக வடக்கிருந்திருக்கலாம். ஆகவே குறட்டை விடுகிறவருக்குத் தனிக் கூடாரம் கொடுங்கள். எடை ஒன்றரைக் கிலோ கூடும். அதை அவரே சுமக்கட்டும்.