இனமைய நோக்கு, பண்பாட்டுச் சார்பியம்: இன்னொரு பண்பாட்டைப் புரிந்துகொள்ள எது உதவும்?

நம் வழக்கத்தை வைத்தே மற்றவரை அளக்கும் இனமைய நோக்கா, செய்கிறவரின் இடத்திலிருந்து பார்க்கும் பண்பாட்டுச் சார்பியமா, இரண்டில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு இந்த விஷயம் துணி காயப்போடும் மூங்கில் கழியில் தொடங்கியது, அங்கிருந்தே சொல்கிறேன்.

சின்ன வயதில் எங்கள் வீடு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக் ஒன்றின் மூன்றாம் மாடியில் இருந்தது. சீனர்கள் இறந்தவர்களுக்குப் படைக்கும் அவர்களுடைய ஏழாம் மாதம் வந்தால் கீழே புல்தரையில் தாள் எரிப்பார்கள். சாம்பல் பறந்து வந்து அம்மா துவைத்துப் போட்ட வேட்டிகளில் ஒட்டிக்கொள்ளும். "காசைக் கொண்டுபோய்க் கொளுத்துறாங்களே" என்று அம்மா சத்தம் போடுவார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தாளில் அச்சடித்த பணம், தாளில் செய்த சட்டை, செருப்பு. எரித்தால் இறந்தவருக்கு எப்படிப் போய்ச் சேரும்? அப்படிக் கேட்ட அதே வீட்டில்தான், ஆடி அமாவாசையன்று காக்கை வந்து சோற்றை எடுக்கும்வரை யாரும் சாப்பிடாமல் காத்திருந்தோம். அது எப்படி அப்பாயிக்குப் போய்ச் சேரும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இனமைய நோக்கு என்பது இதுதான். நம் வழக்கம் நம் கண்ணுக்கு வழக்கமாகவே தெரியாது, இயல்பாகத் தெரியும். அடுத்தவர் செய்வது மட்டும் விசித்திரமாகப் படும். தன் குழுவை நடுவில் வைத்து மற்ற எல்லாரையும் அதைக்கொண்டு அளப்பது என்று 1906இல் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் கிரஹாம் சம்னர் இதை விளக்கினார். கெட்டவர்கள் மட்டும் செய்யும் காரியம் இல்லை இது. என் அம்மா அந்த புளோக்கிலேயே அன்பான மனுஷி.

எதிர்வீட்டு ஆன்ட்டியும் அம்மாவும் பசார் மலாயில்தான் (எளிய சந்தை மலாய்) பேசிக்கொள்வார்கள். ஆன்ட்டியின் கணவர் இறந்த பிறகு வந்த ஏழாம் மாதத்தில், பைகளைக் கீழே தூக்கிப்போக என்னைக் கூப்பிட்டார். அப்போது நான் உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. அவர் தாள்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒன்று கணவருக்கு, பக்கத்தில் அவர் விரும்பிக் குடிக்கும் கோப்பி. இன்னொன்று யாருக்கு என்று கேட்டேன். "யாரும் இல்லாதவங்களுக்கு. அவங்களுக்கும் பசிக்கும்" என்றார்.

ஓடிப்போய் அம்மாவிடம், "நம்ம ஆடி அமாவாசை மாதிரிதாம்மா" என்றேன். அம்மாவுக்கு அது உடனே புரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து எரிக்கும் நேரத்துக்கு முன்பே துணியை எடுத்துவிடுவார், திட்டமாட்டார். பல ஆண்டுகளில் இரண்டும் ஒட்டியேதான் வருகின்றன. 2024இல் ஆடி அமாவாசையும் ஏழாம் மாதத்தின் முதல் நாளும் ஒரே நாள், ஆகஸ்ட் 4.

ஆனால் 'நம்ம மாதிரிதான்' என்பது பாதி வழிதான் என்று பிற்பாடு புரிந்தது. அந்த இரண்டாவது குவியலை நான் கவனிக்கவே இல்லை. நாங்கள் எங்கள் முன்னோரை நினைக்கிறோம். ஆன்ட்டி, நினைக்க ஆளில்லாத ஆவிகளுக்கும் சேர்த்துப் படைக்கிறார். அதில் இரக்கமும் உண்டு, அவை தொல்லை தரக்கூடாது என்ற பயமும் உண்டு. நான் அதை நம் வழக்கத்துக்குள் மடித்து வைத்துவிட்டேன். அதுவும் நம் அளவுகோல்தான், கொஞ்சம் அன்பான அளவுகோல்.

மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் 1887இல் இதே விஷயத்துக்காக ஓர் அருங்காட்சியகத்தோடு வாதாடினார் என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோது எனக்கு ஆன்ட்டிதான் நினைவுக்கு வந்தார். அங்கே பல இனக்குழுக்களின் பொருள்களை வகைவாரியாக அடுக்கியிருந்தார்கள். போவாஸ் காட்டிய உதாரணம் கிலுகிலுப்பை. ஓரிடத்தில் அது வெறும் ஓசை எழுப்பும் பொருளாக இருக்கலாம், இன்னோரிடத்தில் சடங்குப் பொருளாக இருக்கலாம். பார்க்க ஒன்றுபோல இருப்பதால் ஒன்றாகிவிடாது, அந்தந்த மக்களின் வாழ்க்கையோடு சேர்த்து வையுங்கள் என்றார். 1883இல் வட கனடாவின் பாஃபின் தீவில் இனுவிட் மக்களோடு தங்கியிருந்தவர் அவர். பண்பாட்டுச் சார்பியத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது: தீர்ப்புக்கு முன்னால், செய்கிறவருக்கு அது என்னவாக இருக்கிறது என்று கேட்பது.

நாமே எதிர்ப்பக்கம் நின்றதும் உண்டு. 2011 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. சீனாவிலிருந்து குடியேறிய ஒரு குடும்பம் பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை பொறுக்கவில்லை என்று புகார் செய்ததாம். புகார் செய்தவர்கள் வீட்டில் இல்லாதபோது மட்டும் கறி சமைப்பது என்று சமரசத்தில் முடிவானதாம். ஊரே கொதித்தது. ஆகஸ்ட் 21 அன்று சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பல வீடுகளில் கறி சமைத்தார்கள். எங்கள் வீட்டிலும் மீன்தலைக் கறி. அந்த நாளை நினைத்தால் இன்றும் மனம் நெகிழும். ஆனால் அதே வாரத்தில் புதுக் குடியேறிகளைப் பற்றிப் பேசப்பட்ட பேச்சு எனக்கு வலித்தது. அந்த வாசனை ஒருவருக்கு ஏன் தாங்க முடியாததாக இருக்கும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் 'அது அவர்கள் பண்பாடு' என்று விட்டுவிடலாமா? கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐநா மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்துகொண்டிருந்த 1947இல், மேற்கின் மதிப்பீடுகளை எல்லார் மேலும் ஏற்றக்கூடாது என்று அமெரிக்க மானுடவியல் சங்கம் அறிக்கை விட்டது. 1999இல் அதே சங்கம் மனித உரிமைகளை ஆதரித்துத் தன் பிரகடனத்தை வெளியிட்டது. இந்த மாற்றம் சரியானது.

நம் கதையையே பாருங்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது சாதியும் கூடவே வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர் 'அது தமிழர் வழக்கம்' என்று மரியாதையோடு ஒதுங்கியிருக்கலாம். அந்த மரியாதை யாருக்குப் போயிருக்கும்? ஒதுக்கப்பட்டவருக்கு இல்லை. 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியவர்களும், அதில் உழைத்த பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணியும் தமிழர்கள்தான். பலதார மணமும் அன்று பலருக்கு வழக்கம்தான். அதை எதிர்த்து இங்குள்ள பெண்களே போராடினார்கள். 1961இல் வந்த மாதர் சாசனம் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருதார மணத்தைச் சட்டமாக்கியது.

ஆகவே எந்த வழக்கத்தைப் பார்த்தாலும் நான் இப்போது இரண்டு கேள்விகள் கேட்கிறேன். செய்கிறவருக்கு இது என்ன? அந்த வீட்டுக்குள்ளேயே இதனால் நோகிறவர், இதை மறுக்கிறவர் யார்? முதல் கேள்வியை விட்டால் இனமைய நோக்கு வந்துவிடும். இரண்டாவதை விட்டால், பண்பாடு என்ற பெயரில் வீட்டில் உரக்கப் பேசுகிறவரின் குரல் மட்டுமே நம் காதில் விழும்.

ஆன்ட்டிக்கு இப்போது எண்பது வயது தாண்டிவிட்டது. மகன் கிறிஸ்தவர், ஊதுபத்தி பிடிக்கமாட்டார். இதைப் பற்றி அவர்களுக்குள் நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது, இருவருமே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போன ஏழாம் மாதத்தில் பைகளை அந்த மகன்தான் தூக்கி வந்தார். தன் அம்மா எரித்து முடிக்கும்வரை கொஞ்சம் தள்ளி நின்றார். அப்புறம் அவரே தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தைக் கழுவிவிட்டார்.