பாதி மாத்திரையில் தூக்கம் வருகிறது, தினமும் போடலாமா டாக்டர்?

நாமக்கல் மாவட்டத்திலிருந்து 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரே மகள் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய் ஐந்து வாரம் ஆகிறதாம். "வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மனசு கனத்துப்போகிறது. இன்னும் மூன்று பேருக்குத்தான் கை அரிசி அளக்கிறது. போன ஞாயிறு மகள் வந்தபோது நன்றாகத்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தன் மாத்திரையில் பாதி கொடுத்தார், தூக்கம் வந்தது. இப்போது மெடிக்கலில் நானே வாங்கி, ஒன்பது நாளாகப் பாதி பாதியாகப் போடுகிறேன். இது டிப்ரஷனா? மாத்திரையைத் தொடரலாமா?"

தொடர வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய அட்டையின் படத்தைப் பார்த்தேன். அது அல்பிரசோலம், 0.25 மில்லிகிராம். அது சோகத்துக்கான மருந்தே இல்லை. பதற்றத்தைக் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். நாலைந்து வாரம் தினமும் போட்டால் அது இல்லாமல் தூக்கம் வராது. அப்புறம் பாதி முழுசாகும், முழுசு இரண்டாகும். என் அறைக்கு வரும் பெண்களில் பலர், ஆரம்பித்த சோகம் எப்போதோ போன பிறகும் இந்த மாத்திரையை விட முடியாமல்தான் வருகிறார்கள்.

இதை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. வாங்குபவர் பெயர், எழுதிய மருத்துவர் பெயர் இரண்டையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. உங்கள் பெயரைக் கடையில் கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டியவர்கள் ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், எனக்கு அலுத்துவிட்டது.

சரி, இது டிப்ரஷனா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இல்லை. நாளின் பெரும்பகுதி, கிட்டத்தட்ட தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே கிடந்து, பிடித்தது எதிலும் ஒட்டாமல், பசி, தூக்கம், கவனம் எல்லாம் கெட்டால்தான் நாங்கள் நோய் என்போம். உங்களுக்குக் காலையில் சுமை இல்லை, மகளைப் பார்த்ததும் மனசு திறக்கிறது. இது பிரிவின் வருத்தம். இருபது வருடம் ஒரு பிள்ளைக்கு அளந்த கை ஐந்து வாரத்தில் மறக்குமா? அதற்காக உங்களை நீங்களே கடிந்துகொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: தைராய்டு. உங்கள் வயதுப் பெண்களிடம் அது குறைந்தால் சோர்வு, எடை கூடுவது, மலச்சிக்கல், முடி கொட்டுவது, கூடவே காரணம் தெரியாத சோகம் எல்லாம் வரும். முடி கொட்டுகிறது என்று கடைசி வரியில் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். டி.எஸ்.எச். என்ற ஒரே ரத்தப் பரிசோதனை போதும். இதில் ஒரு சிக்கல் உண்டு. முடி கொட்டுவதற்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால், சில லேப்களில் டி.எஸ்.எச். அளவு தவறாகக் குறைந்து காட்டும். இருக்கிற குறைபாடு தெரியாமலே போய்விடும். அதனால் அட்டையைத் திருப்பி, பயோட்டின் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பவர் இதைக் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஹீமோகுளோபினையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

சாயங்காலத்துக்கு வருவோம். மனசு சரியானதும் ஏதாவது செய்யலாம் என்று உட்கார்ந்தால் அது சரியாகாது. செய்ய ஆரம்பித்தால்தான் மனசு பின்னால் வரும். 4.45க்கே வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள், வெயில் இருக்கும்போதே அரை மணி நேரம் நடங்கள், முடிந்தால் பேச்சுத்துணையோடு. மகளோடு இரவு பதினொன்று வரை பேசி அழுதுவிட்டுப் படுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சை எட்டு மணிக்கு மாற்றுங்கள். அளக்கும்போது அரிசி கூடிப்போனால் மறுநாள் காலைக்குத் தண்ணீர் ஊற்றி வையுங்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "கவுன்சலிங் பத்து அமர்வு, முழுப் பணம் முன்கூட்டியே" என்று போனில் கூப்பிடுபவர்களிடம் போகாதீர்கள். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்கள்கூடப் பலகை மாட்டியிருக்கிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, டெலி-மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். இரண்டு மூன்று வாரத்தில் காலைகளும் கனக்க ஆரம்பித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். வரிசை நீளமாக இருக்கும், இத்தனை கூட்டத்துக்கு இத்தனை குறைவாக மருத்துவர்களை வைத்திருப்பது நியாயமில்லை, ஆனாலும் போங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் வாரக் கணக்கு வேண்டாம், அன்றே போக வேண்டும்.

ஒன்பது நாள், அதுவும் பாதி மாத்திரை என்பதால் நீங்கள் இன்றே நிறுத்திவிடலாம். ஓரிரு இரவு தூக்கம் தள்ளிப்போகலாம், பயப்படாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா அப்படி நிறுத்தக் கூடாது. வருடக்கணக்கில் போடுபவர் சட்டென்று விட்டால் நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். அவருக்கு மருத்துவர்தான் படிப்படியாகக் குறைத்துத் தர வேண்டும். பரிசோதனைக்குப் போகும் அன்று அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய மாத்திரை அட்டையோடு.