அடுத்தவர் பாஸ்வேர்டில் வேலை பார்க்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு சின்ன ஆட்டோமேஷன் கம்பெனியில் பி.எல்.சி. (மெஷின்களை இயக்கும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்) புரோகிராமராக இருக்கிறேன். கஸ்டமர் பிளான்ட்டுக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்கி வேலை முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு பெரிய பிளான்ட்டில் கேட்டிலேயே போனை வாங்கி லாக்கரில் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே கெஸ்ட் வைஃபை வேண்டுமென்றால் ஓ.டி.பி. அந்தப் போனுக்குத்தான் வரும். லேப்டாப்பின் யு.எஸ்.பி. போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். பி.எல்.சி.யில் மாட்டும் கேபிளே யு.எஸ்.பி.தான். அவர்கள் கம்ப்யூட்டரில் எனக்கு லாகின் போட்டுத்தர மூன்று நாள் ஆகுமாம். எங்களுக்குத் தந்த பி.ஓ.வே (பர்ச்சேஸ் ஆர்டர்) இரண்டு நாள் வேலைக்குத்தான். கடைசியில் ஷிஃப்ட் இன்சார்ஜ் அண்ணன், "என் பாஸ்வேர்டைப் போட்டு முடிச்சுட்டுக் கிளம்புப்பா" என்றார். மாதா மாதம் மாற்றச் சொல்வதால் மகள் பெயரோடு அந்த மாதத்தின் பெயரைச் சேர்த்துக் கீபோர்டுக்கு அடியில் எழுதி ஒட்டியிருந்தார். மறுநாள் அவர் லீவு. அவர் லாகினிலேயே வேலையை முடித்துவிட்டு வந்துவிட்டேன். அதற்கடுத்த வாரம் ராத்திரி ஷிஃப்ட்டில் உற்பத்தி லைன் நின்றிருக்கிறது. யார் எப்போது எதை மாற்றினார் என்று கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் லாகைப் பார்த்தால், லீவில் இருந்தவர் பெயரில் புரோகிராம் மாறியிருக்கிறது. அவருக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். லைன் நின்றது என் வேலையால் அல்ல என்றுதான் நினைக்கிறேன். முதலாளியோ, "வாயைத் திறக்காதே, கஸ்டமர் போயிடுவான்" என்கிறார். அடுத்த மாதம் மறுபடி அதே பிளான்ட். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, ரூல்ஸ் கிடக்கட்டும், முதலில் அந்த மெமோவைப் பார்ப்போம். உங்களுக்கு உதவப்போய் ஒரு மனிதர் மாட்டிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் பாஸ்வேர்டைக் கொடுத்த தப்பு அவர் தலையில் விழும். சொல்லாவிட்டால் லைனை நிறுத்திய பழியும் சேர்ந்து விழும். அவரை இப்படித் தனியாக நிற்க விடுவது சரியில்லை. முதலாளி பயப்படுவது எனக்குப் புரிகிறது, சின்ன கம்பெனிக்கு ஒரு பெரிய கஸ்டமர் என்பது பலரின் மாதச் சம்பளம். அதற்காக இன்னொருவர் வேலையைப் பணயம் வைக்க முடியாது.

முதலில் அந்த அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் நீங்கள் எழுதினால் அதுவே அவருக்குப் புதுத் தலைவலியாகிவிடும். அவர் சம்மதித்ததும் உங்கள் முதலாளியிடம் உட்கார்ந்து பேசி, கம்பெனி லெட்டர்ஹெட்டிலேயே பிளான்ட்டின் மெயின்டனன்ஸ் ஹெட்டுக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். இன்ன தேதியில், இத்தனை மணிக்கு, இந்த லாகினில் வேலை பார்த்தது எங்கள் எஞ்சினியர், எங்களுக்கு லாகின் தயாராகாததால் இப்படி ஆயிற்று, மாற்றியது இவை. இவ்வளவு போதும். கூடவே, வேலை முடித்த அன்று எடுத்த பேக்கப்பையும் கொடுங்கள். எடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். பி.எல்.சி. சாஃப்ட்வேரில் இரண்டு புரோகிராம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வசதி இருப்பது உங்களுக்கே தெரியும். இப்போது ஓடுவதையும் நீங்கள் விட்டுவந்ததையும் ஒப்பிட்டால் நீங்கள் போன பிறகு யாராவது கை வைத்தார்களா என்று தெரிந்துவிடும். முன்னால் ஓடியதோடும் ஒப்பிட்டால் புரோகிராமில் நீங்கள் தொட்ட ரங் (வரி) எது என்பதும் தெரியும். லைன் நின்ற இடத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று பிறகு யாரும் யூகிக்க வேண்டியதில்லை. உங்கள் மாற்றம்தான் காரணம் என்று வந்தாலும் அதைச் சொல்லித் திருத்திக் கொடுப்பது உங்கள் தொழில்.

இனி ஒருபோதும் அடுத்தவர் பாஸ்வேர்டில் வேலை பார்க்காதீர்கள். அவரே எழுதிக் கையில் கொடுத்தாலும் வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இல் 43ஆம் பிரிவு, கம்ப்யூட்டரின் உரிமையாளரோ அதற்குப் பொறுப்பானவரோ அனுமதிக்காமல் அதில் நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. ஷிஃப்ட் இன்சார்ஜுக்கு அந்த அனுமதியைத் தரும் அதிகாரம் இருந்ததா என்பதுதான் அங்கே வாதமாகும். மோசடி நோக்கத்தோடு இன்னொருவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. உங்களுக்கு அப்படி ஒரு நோக்கமே கிடையாது, அது எனக்குத் தெரியும். ஆனால் லட்சக்கணக்கில் நஷ்டம் ஆன இடத்தில், வெளியாள் ஒருவர் இதை விளக்கிக்கொண்டு நிற்கிற நிலைமை வரவே கூடாது.

உங்கள் கோபத்துக்கு வருகிறேன். பாதி நியாயம். மீதிப் பாதியில் பிளான்ட் பக்கமும் காரணம் இருக்கிறது.

2010இல் வெளியே தெரியவந்த ஸ்டக்ஸ்நெட்டை உங்கள் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையைக் குறிவைத்த அந்த வைரஸ் பென் டிரைவ் வழியாகப் பரவியது. சீமென்ஸ் பி.எல்.சி.க்கு புரோகிராம் எழுதும் ஸ்டெப் 7 சாஃப்ட்வேருக்குள்ளேயே போய் உட்கார்ந்தது. யுரேனியத்தைச் செறிவூட்டச் சுழலும் சென்ட்ரிஃபியூஜ் இயந்திரங்களின் வேகத்தை மாற்றிவிட்டு, ஆபரேட்டரின் திரையில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டியது. முதலில் தாக்கப்பட்டவை ஈரானிலேயே இயங்கிய ஐந்து கம்பெனிகள் என்று 2014இல் வைரஸ் தடுப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் சொன்னார்கள். தொழிற்சாலைகளுக்கு கன்ட்ரோல் சிஸ்டம் வேலை செய்து கொடுப்பவர்களும் அதில் இருந்தார்கள். அதாவது உங்களைப் போன்றவர்கள். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் நான்கு கோடி கார்டு விவரங்கள் திருடு போனபோது, திருடர்கள் உள்ளே வந்த வழி குளிர்சாதன கான்ட்ராக்டர் ஒருவரின் லாகின். இங்கே 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்ததை இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. முக்கியமான உள் நெட்வொர்க் தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது என்றும் சொன்னது.

ஆகவே லேப்டாப் சீரியல் நம்பரை எழுதிக்கொள்வது, ஸ்கேன் செய்வது, சொந்தப் பென் டிரைவ் கூடாது என்பது, ஆளுக்கு ஒரு லாகின் என்பது எல்லாம் தேவையான விதிகள். முகம் சுளிக்காமல் ஒத்துழையுங்கள். பதினைந்து நிமிடம் போகும், போகட்டும்.

மாதா மாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்காக பாஸ்வேர்டு வழிகாட்டியை எழுதிய பில் பர் என்பவரே, அதில் பெரும்பகுதிக்காக இப்போது வருந்துவதாக 2017இல் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும், கசிந்துவிட்டதற்கு அறிகுறி இருந்தால் ஒழிய, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லக் கூடாது என்று வழிகாட்டியைத் திருத்தியது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து இதை எடுத்துவிட்டது. காரணம் அந்த அண்ணனின் கீபோர்டுக்கு அடியிலேயே இருக்கிறது. மாற்றச் சொல்லிக்கொண்டே இருந்தால் மனிதர்கள் கடைசி எழுத்தை மட்டும் மாற்றுவார்கள். வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் இதைச் சோதித்தார்கள். பழைய பாஸ்வேர்டு தெரிந்தால், 17 சதவீதக் கணக்குகளின் அடுத்த பாஸ்வேர்டு ஐந்து யூகத்துக்குள் கிடைத்துவிட்டது. மகள் பெயரும் மே மாதமும் தெரிந்தவருக்கு ஜூன் மாதத்துக்கு ஒரே யூகம் போதும்.

போன் லாக்கரில், ஓ.டி.பி. போனில் என்கிற கூத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இதை உட்கார்ந்து யோசித்து யாரும் போட்டிருக்க மாட்டார்கள். டிராயிங்கை யாரும் படமெடுத்துவிடக் கூடாதே என்று செக்யூரிட்டி ஆபீசர் போனை நிறுத்தியிருப்பார். வைஃபையில் வருபவர் யார் என்று தெரிய வேண்டும் என்று ஐ.டி. டிபார்ட்மென்ட் ஓ.டி.பி.யை வைத்திருக்கும். தனித்தனியாக இரண்டும் சரி. இரண்டிலும் ஒரே நேரத்தில் மாட்டுபவர் வெளியிலிருந்து வருபவர் மட்டுமே. பிளான்ட் ஆட்களுக்கு ஏற்கெனவே லாகின் இருக்கிறது, கெஸ்ட் வைஃபை அவர்களுக்குத் தேவையே இல்லை. அதனால் உள்ளே இருக்கும் யாருக்கும் இது தெரிவதில்லை. உங்களுக்கு வீணாகும் நேரமும் அவர்கள் கணக்கில் எங்கும் ஏறுவதில்லை, அது உங்கள் முதலாளியின் நஷ்டம். ஸ்டிக்கர் விஷயமும் இதே கதைதான். கேட்டில் நிற்கும் காவலாளிக்குப் புரோகிராமிங் கேபிளும் பென் டிரைவும் ஒன்றுதான். அவரிடம் சண்டை போட்டு என்ன பயன்? எழுதிக் கொடுத்ததை அவர் செய்கிறார், செய்யாவிட்டால் அவர் வேலை போகும்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஆன் ஆடம்ஸ், ஆஞ்செலா சாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இலேயே சொல்லிவிட்டார்கள்: ஊழியர்கள் விதியை மீறுவது பெரும்பாலும் அலட்சியத்தால் அல்ல, விதி அவர்கள் செய்யும் வேலைக்குப் பொருந்தாததால். அந்த அண்ணனும் லைன் ஓட வேண்டும் என்ற அக்கறையில்தான் பாஸ்வேர்டைக் கொடுத்தார். இதைப் படிக்கும் பிளான்ட் மேலாளர் யாராவது இருந்தால், ஒரு நாள் தயவுசெய்து வெளியாளைப் போலக் கேட்டில் வந்து நில்லுங்கள். போனைக் கொடுத்துவிட்டு, பாஸ் வாங்கி, கெஸ்ட் வைஃபையில் நுழைந்து, ஒரு ஃபைலை லைன் வரைக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கே நல்லவர்கள் குறுக்கு வழி தேடுகிறார்கள் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

தம்பி, இந்தச் சண்டையைக் கேட்டில் போட்டு ஜெயிக்க முடியாது. அதற்கான இடம் கொட்டேஷன். உங்கள் முதலாளியிடம் சொல்லி அதில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: "எங்கள் எஞ்சினியர் வரும் நாளுக்கு முன்பே அவர் பெயரில் தற்காலிக லாகின் தயாராக இருக்க வேண்டும். ஒரு லேப்டாப்பும், பி.எல்.சி. புரோகிராமிங் கேபிள் ஒன்றும் உள்ளே கொண்டுவர எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இவை தயாராக இல்லாததால் காத்திருக்கும் நேரம் தனியாகக் கணக்கிடப்படும்." காத்திருக்கும் நேரத்துக்குப் பணம் கேட்பது மரியாதைக் குறைவு என்று உங்கள் முதலாளி தயங்கலாம். அது வழக்கமான ஷரத்துதான். முழுத் தொகையும் கிடைக்காமல் போனாலும், அந்த வரி இருந்தால் பர்ச்சேஸ்காரர் ஐ.டி.க்குப் போன் செய்வார். அதுவரை செய்ய அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

அப்படியும் லாகின் வரவில்லை என்றால், பிளான்ட் ஆள் ஒருவரை அவர் லாகினில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள், கீபோர்டு அவர் கையில் இருக்கட்டும். மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் லாகில் இருக்கும் பெயரும் நாற்காலியில் இருக்கும் ஆளும் ஒன்றாக இருப்பார்கள். ஃபைலை முன்கூட்டியே மெயிலில் அனுப்பி, அவர்களே ஸ்கேன் செய்த பிளான்ட் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லலாம். வைஃபைக்கு, ஓ.டி.பி.யை உங்களை அழைத்துப்போகும் ஊழியரின் எண்ணுக்கு அனுப்ப முடியுமா என்று ஐ.டி.யைக் கேளுங்கள். போனை ஒளித்து எடுத்துப்போய் ஹாட்ஸ்பாட் போடுகிற யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

சர்வீஸ் ரிப்போர்ட்டில் வந்த நேரம், லாகின் கிடைத்த நேரம், வேலை தொடங்கிய நேரம் மூன்றையும் எழுதுங்கள். யார் மேலும் குறை சொல்லி ஒரு வார்த்தை வேண்டாம், நேரம் மட்டும். அதில் மெயின்டனன்ஸ் ஹெட்டின் கையெழுத்து வாங்குங்கள். மெஷின் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நாலு விசிட்டுக்கு அந்தக் காகிதங்கள் சேர்ந்தால், ஐ.டி.யோடு பேசும் வேலையை அவரே எடுத்துக்கொள்வார்.

அடுத்த மாத விசிட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. லாகினுக்கான மெயிலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், மெயின்டனன்ஸ் ஹெட்டுக்கும் ஒரு காப்பி போகட்டும். அதற்கு முன்னால், இன்றைக்கே, அந்த அண்ணனுக்கு ஒரு போன்.