யு.கே.ஜி. குழந்தைக்கு எழுத்துத் தேர்வு வயதுக்கு ஏற்றதா?

ஐந்து வயது நிரம்பாத மகள் யு.கே.ஜி.யில் 1 முதல் 100 வரை எழுத வேண்டும், மூன்றெழுத்து ஆங்கிலச் சொற்களை டிக்டேஷன் எழுத வேண்டும், பருவத்துக்கு ஒரு தேர்வும் உண்டு. இது வயதுக்கு மீறிய சுமையா, அல்லது நாங்கள்தான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுமைதான். பதினேழு ஆண்டுகள் தனியார் மழலையர் பள்ளியில் யு.கே.ஜி. வகுப்பெடுத்தவள் நான். நூறு வரை எண்ணச் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. அதை எழுதச் சொல்வதில்தான் இருக்கிறது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். புளியங்கொட்டைகளைக் கொட்டிவைத்தால் நாற்பது வரை பிசகாமல் எண்ணுவான். ஐந்து ஐந்தாகக் கூறு கட்டச் சொன்னால், கடைசிக் கூறில் இரண்டு குறைகிறது என்று அவனே கண்டுபிடித்துச் சொல்வான். அதே பையன் கட்டம் போட்ட நோட்டில் 3-ஐ இடவலம் மாற்றி எழுதுவான். 7-உம் திரும்பி நிற்கும். தேர்வில் இருபதுக்கு ஏழு. சிவப்பு மையால் அந்த ஏழைப் போட்டவள் நான்தான். அவனுடைய அம்மா வந்து, “கணக்கு வரவே வராதா மிஸ்?” என்று கேட்டார். கணக்கு நன்றாக வருகிறது, கைக்குத்தான் இன்னும் வயது வரவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் இன்னும் இரண்டு பக்கம் எழுத வையுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். இன்றும் அது என் மனதை அறுக்கிறது.

பிறகுதான் தேடிப் படித்தேன். பார்த்து வரைவதில் குழந்தைகளின் கை ஏறக்குறைய ஒரே வரிசையில் தேறுகிறது. வட்டம் மூன்று வயது வாக்கில் வந்துவிடும். கூட்டல் குறி நான்கில், சதுரம் நாலரை ஐந்தில், முக்கோணம் ஐந்தைத் தாண்டி. சாய்சதுரத்துக்கு ஆறு, ஏழு வயதுகூட ஆகும். சாய்கோடு அவ்வளவு கடினம். அது கைக்கு வருமுன்பே ஆங்கிலத்தின் சாய்கோட்டு எழுத்துகளை நான்கு கோட்டுக்குள் அடக்கச் சொல்கிறோம். சில பள்ளிகளில் எழுத்துகளைக் கோத்து எழுதும் கூட்டெழுத்து (கர்சிவ்) வேறு. தமிழிலும் அப்படித்தான். ‘ட’வுக்கு இரண்டு கோடு போதும், ‘ப’வுக்கு மூன்று. நாமோ சுழியும் வளைவும் நிறைந்த ‘அ’விலிருந்து தொடங்குகிறோம். எழுத்தைத் திருப்பிப் போடுவதும் ஏழு வயது வரை மிகச் சாதாரணம். அதைத் தவறென்று வட்டமிடுவதே தவறு.

நம் பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். விஜயதசமியன்று அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைத்தார்கள். திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதினார்கள். 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியும் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்தவர்தான்.

இதைச் சொல்லும் ஆவணங்களுக்கும் குறைவில்லை. மழலையர் வகுப்புச் சேர்க்கைக்குத் தேர்வும் நேர்காணலும் கூடாது என்று, பள்ளிக் குழந்தைகளின் சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993-லேயே சொன்னது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-இல் மழலையர், தொடக்க வகுப்புகளின் பாடத்திட்டத்துக்கு வழிகாட்டியாக வந்த தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இந்த வயதுக்குத் தேர்வு அறவே பொருந்தாது என்கிறது. இருந்தும் நடக்கிறதே, ஏன்? நோட்டு கண்ணுக்குத் தெரிகிறது. குழந்தை ஒரு கதையைக் கேட்டுத் தன் சொற்களில் திருப்பிச் சொன்னதற்கு வீட்டுக்குக் கொண்டுபோகும் சாட்சி எதுவும் கிடையாது. பக்கம் நிரம்பாவிட்டால் பெற்றோர் கேட்பார்கள் என்று பள்ளி அஞ்சுகிறது. பக்கம் நிரம்பியிருப்பதைப் பார்த்துப் பெற்றோர் இதுதான் படிப்பு என்று நம்புகிறார்கள்.

பின்தங்கிவிடுவாளோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கும். பின்லாந்தில் பள்ளிப் படிப்பே ஏழு வயதில்தான் தொடங்குகிறது. நியூசிலாந்தில் செபாஸ்டியன் சகேட் குழுவினர், ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கியவர்களையும் ஏழில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டு, பதினொரு வயதுக்குள் வாசிப்பில் இருவருக்கும் உள்ள இடைவெளி மறைந்துவிடுவதாக 2013-இல் வெளியிட்டார்கள்.

அதற்காக எதுவும் கேட்கக் கூடாது என்பதல்ல. ஐந்து வயதில் நிறையக் கேட்கலாம். ‘பட்டம்’, ‘பந்து’ இரண்டும் ஒரே ஒலியில் தொடங்குகின்றனவா? இருபது கொட்டையில் எட்டை எடுத்தால் மீதி எத்தனை? நேற்றுக் கேட்ட கதையில் காகம் ஏன் ஏமாந்தது? இவை கடினமான கேள்விகள். குழந்தைகள் இவற்றுக்கு ஆசையோடு வருவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் சண்டையிட வேண்டாம். வகுப்பாசிரியரைத் தனியாகப் பார்த்து, டிக்டேஷனை வாய்மொழியாகவோ எழுத்து அட்டைகளை அடுக்கவைத்தோ கேட்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்களுக்கும் உள்ளூர அதுதான் விருப்பம். ஒரு பெற்றோர் கேட்டால் தலைமையாசிரியரிடம் பேச அவர்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும். வீட்டில் பென்சிலை ஒரு மாதம் ஓரமாக வையுங்கள். பல்லாங்குழி ஆடட்டும், கடலைத் தோல் உரிக்கட்டும், சப்பாத்தி மாவு உருட்டட்டும், கோலப்பொடியில் புள்ளி வைக்கட்டும். பிறகு ஒரு சிலேட்டைக் கொடுங்கள், ‘ட’ போட்டுப் பார்க்கட்டும்.